நங்கூரச் சங்கிலியை எவ்வளவு விடுவது?

படகிலேயே இரவு தங்குபவர்கள் ஆழத்தை மட்டும் பார்த்துச் சங்கிலி விடக் கூடாது. நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை எவ்வளவு உயரம், ஓதத்தில் தண்ணீர் இன்னும் எவ்வளவு ஏறும், இரண்டையும் ஆழத்தோடு கூட்டுங்கள்.

ஆழம் 4 மீட்டர், முனை உயரம் 1, ஓதம் ஏறப்போவது 2 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7. அதில் ஐந்து மடங்கு, 35 மீட்டர் சங்கிலி வேண்டும். வெறும் ஆழத்தை ஐந்தால் பெருக்கி 20 மீட்டரோடு நிறுத்தினால், நடுராத்திரி ஓதம் ஏறும்போது அது மூன்று மடங்குகூட வராது. சங்கிலி மேல்நோக்கி இழுக்கும், நங்கூரம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். காற்று பலமாக இருந்தாலோ, சங்கிலியைவிடக் கயிறு அதிகமாக இருந்தாலோ ஏழு மடங்கு விடுவது நல்லது.

ஆழமானி காட்டும் எண்ணையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். சில படகுகளில் அது படகின் அடிப்பகுதிக்குக் கீழே உள்ள ஆழத்தைத்தான் காட்டும்; நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் ஆழம் அதைவிட அதிகம்.

சரி, சங்கிலி விட்டாயிற்று. இப்போது எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டி, இறுகிய சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். விரல்கள் சங்கிலி ஓடும் முன்முனை உருளைக்குப் பக்கத்தில் போகாமல் கவனம். கடகடவென்று அதிர்ந்தால் நங்கூரம் அடிமண்ணில் இழுபடுகிறது; தூக்கி மறுபடி போடுங்கள். அசையாமல் விறைப்பாக நின்றால் பிடித்துவிட்டது. படகு இடம் நகர்ந்தால் ஒலிக்கும் நங்கூர அலாரத்தைச் செல்போனில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.