கணவருக்குப் பின் மனைவிக்கு எவ்வளவு வரும்: குடும்ப ஓய்வூதியத்தை முன்கூட்டியே கணக்கிடும் முறை

மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் ஓய்வூதியர் இருக்கும் வீடுகளில், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறுகிறது என்பது கணவன் மனைவி இருவருக்கும் பைசா சுத்தமாகத் தெரியும். ஒருவர் போன பிறகு மற்றவருக்கு எவ்வளவு வரும் என்பது பெரும்பாலும் இருவருக்குமே தெரியாது. அபசகுனம் என்று அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதுதான் காரணம். விடையோ வீட்டு பீரோவில் கிடக்கும் ஓய்வூதியக் கொடுப்பாணையில், அதாவது பி.பி.ஓ.வில், எழுதப்பட்டிருக்கிறது. அதை எடுத்து, அடிப்படை ஓய்வூதியம், முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் வரும் உயர் விகிதக் குடும்ப ஓய்வூதியம், அது முடியும் தேதி, அதற்குப் பிந்தைய சாதாரண விகிதம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதில் ஓய்வு பெற்ற ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதியம் அதில் பாதியான 40,000 ரூபாய். உச்சவரம்பான 40 விழுக்காட்டைக் கம்யூட்டேஷன் செய்து, அதாவது மாத ஓய்வூதியத்தில் அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்து, மொத்தமாகப் பணம் வாங்கியிருந்தால், மாதம் 16,000 ரூபாய் பிடித்தம் போக 24,000 ரூபாயும், முழு 40,000 ரூபாய்க்கான அகவிலைப்படியும் அவருக்குக் கிடைக்கும். அவர் 63 வயதில் காலமானால் மனைவிக்கு உயர் விகிதமாக 40,000 ரூபாய் வரும். கம்யூட்டேஷன் பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடாது என்பதால், கணவர் வாங்கியதைவிட இது கூடுதலாகவே தெரியும். ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயதை எட்டியிருக்கும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரையில்தான் உயர் விகிதம். ஆகவே நான்கு ஆண்டுகளில் அது நின்று, கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடான 24,000 ரூபாயாகக் குறைந்துவிடும். அகவிலைப்படியும் அந்தத் தொகைக்கே கணக்கிடப்படும். கணவர் 68 வயதில் காலமானால் தொடக்கத்திலிருந்தே 24,000 ரூபாய்தான்.

இந்த இறக்கத்தை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். தேதி கடந்தும் வங்கி பழைய தொகையையே போட்டுக்கொண்டிருந்தால் மகிழ வேண்டாம். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, கூடுதலாக வந்ததைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி எழுதி வாங்கியிருப்பார்கள், அதைக் காட்டிப் பின்னால் மாதாமாதம் பிடிப்பார்கள். மாநில அரசு ஓய்வூதியருக்கும் சாதாரண விகிதம் 30 விழுக்காடுதான். உயர் விகிதம் முடியும் தேதியை அவரவர் கொடுப்பாணையில் உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவியும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவரானால், தம் சொந்த ஓய்வூதியத்தோடு குடும்ப ஓய்வூதியத்தையும் சேர்த்தே பெறலாம். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, நடைமுறை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சென்னை மாநகராட்சியில் பதிவான இறப்புக்குரிய சான்றிதழை இணையத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். ஓய்வூதியம் இறந்த நாள் வரைக்கும் உண்டு, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்கும். எனவே வங்கிக்குச் சொல்லாமல் ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டே இருப்பது பின்னால் சிக்கலாகும். மத்திய அரசு ஓய்வூதியர் மனைவியோடு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால், மனைவி புதுக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. ஒரு கடிதம், இறப்புச் சான்றிதழ், கொடுப்பாணை நகல், தம் வயதுச் சான்று, மேலே சொன்ன உறுதிமொழி ஆகியவை போதும். கொடுப்பாணையில் மனைவியின் பெயர் இருக்கும்போது வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலையவும் வேண்டாம். மாநில அரசு ஓய்வூதியம் சென்னையில் பெற்றவரானால் நந்தனத்தில் உள்ள ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தை அணுக வேண்டும். அங்கே குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாயையும் கேட்டுப் பெறுங்கள், அதற்காக மாதாமாதம் சந்தா பிடித்திருப்பார்கள்.

நம் ஊரில் பெரும் தொல்லை இனிஷியல்தான். கல்விச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், கொடுப்பாணையில் கணவரின் இனிஷியல், ஆதாரில் கணவரின் முழுப்பெயர் பின்னொட்டாக, பான் அட்டையில் அதுவே முன்னால் என்று ஒரே பெண்மணி காகிதத்தில் நான்கு பேராக இருப்பார். கணவர் இருக்கும்போது அவர் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பத்தில் தீரக்கூடிய இந்த வேறுபாடு, அவர் போன பிறகு பிரமாணப் பத்திரமாகவும் பலமுறை அலைச்சலாகவும் வளர்ந்துவிடும். பிறந்த தேதியையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள். மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடும், 85இல் 30 விழுக்காடும் கூடுதலாக உண்டு, அதற்குப் பெறுபவரின் வயதே கணக்கு.

அம்பத்தூர், கிண்டி தொழிற்சாலைகளில் வேலை பார்த்து வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம் பெறுபவர்களின் நிலை வேறு. கணவர் பெற்ற ஓய்வூதியத்தில் பாதியே மனைவிக்கு; குறைந்தபட்சம் 1,000 ரூபாய். மறுமணம் செய்துகொண்டால் அதுவும் நின்றுவிடும். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதால் சேமிப்பைத்தான் பார்க்க வேண்டும். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கில் மனைவி கூட்டுக் கணக்குதாரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்து, அத்திட்டத்துக்கான தகுதியும் அவருக்கு இருந்தால், முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். இல்லையேல் இறந்த நாளிலிருந்து சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான்.

வருமான வரியில் குடும்ப ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்படுவதில்லை, இதர வருமானத்தில் சேர்கிறது. புதிய வரி முறையில் ஓய்வூதியருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு; குடும்ப ஓய்வூதியத்துக்கோ மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். வங்கி இதில் சம்பளத்துக்குப் பிடிப்பதுபோல் வரி பிடிக்காது; வரி வருமளவுக்கு வருமானம் இருந்தால் தாமே செலுத்த வேண்டும்.

சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனோ மகளோ வீட்டில் இருந்தால், பெற்றோர் இருவரில் ஒருவர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, அந்தப் பிள்ளையின் பெயரையும் கொடுப்பாணையில் ஏற்றிவிட வேண்டும்.