லக்கோட்டாச் சொல்லுக்கும் பெயருக்கும் பொருள் காணும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் படகுக்கோ பிள்ளைக்கோ கடைக்கோ பெயர் தேடிக் கைப்பேசியைத் துழாவுகிற ஒருவருக்கு, ‘செவ்விந்தியப் பெயர்’ என்ற குறிப்போடும் ஒரு வரிப் பொருளோடும் ஏதாவது ஒரு சொல் எளிதில் அகப்பட்டுவிடும். அந்த வரியை நம்புவதற்கு முன், அச்சொல் எந்த மொழிக்குரியது என்று முதலில் பார்க்க வேண்டும். செவ்விந்திய மொழி என்று ஒரு மொழி கிடையாது. வட அமெரிக்கத் தொல்குடிகளின் மொழிகள் நூற்றுக்கணக்கானவை, அவை பல குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றான லக்கோட்டா சூவன் குடும்பத்து மொழி. இன்று அது பெரும்பாலும் தெற்கு டக்கோட்டா, வடக்கு டக்கோட்டா மாநிலங்களில் பைன் ரிட்ஜ், ரோஸ்பட், ஸ்டாண்டிங் ராக், செயன் ரிவர் முதலிய ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வாழும் மக்களுடையது.

அதன் மிக நெருங்கிய உறவான டக்கோட்டாவோடு அதைக் குழப்பிக்கொள்வது எளிது. லக்கோட்டாவில் ‘ல’ வரும் இடத்தில் டக்கோட்டாக் கிளைகளில் பெரும்பாலும் ‘ட’வோ ‘ந’வோ வரும் என்பதை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம், அம்மக்களின் பெயர்களிலேயே அது தெரிகிறது. பெயர்ப் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் ‘வினோனா’ டக்கோட்டாப் பெயர். அழகையோ வீரத்தையோ அது சொல்லவில்லை. தலைச்சன் பெண்பிள்ளைக்குப் பிறந்த வரிசையைக் கொண்டு வழங்கும் பெயர் அது. அதை இளைய மகளுக்கு வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

மொழி உறுதியான பிறகு எழுத்துக்கு வர வேண்டும். சொல்லைக் கண்ட இடத்திலேயே, அதன் மேலுள்ள கொக்கி, கோடு, புள்ளி எதுவும் விடுபடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பின்னர் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஏனெனில் லக்கோட்டாவில் நம்முடைய ஒரு ‘க’வுக்கு எதிராக, இயல்பான ககரம், மூச்சோடு வரும் ககரம், தொண்டையை அடைத்துத் திறந்து வெடிக்கும் ககரம் என்று மூன்று உண்டு. பகரமும் தகரமும் சகரமும் அப்படியே. மூக்கொலி ஏறிய உயிர்களும் தனி எழுத்துகளே. அரபு எழுத்துக்குப் புள்ளிகள் கூட்டித் தமிழை எழுதிய அர்வி மரபு வழங்கிய கீழக்கரையில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அழுத்தக் குறியும் அலங்காரத்துக்கு வைத்ததன்று. பெரும்பாலான சொற்களில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். சிலவற்றில் முதல் அசையில் விழும். ‘மக’ என்பதுபோல் ஒலிக்கும் ஒரு சொல்லை முதல் அசையில் அழுத்திச் சொன்னால் வயல் அல்லது தோட்டம்; இரண்டாம் அசையில் அழுத்தினால் பெருவாத்து. பழைய நூல்களில் மூச்சொலி பெரும்பாலும் குறிக்கப்படாததால் ஒரே சொல் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே குறிகளோடு ஒரு முறையும், குறிகளை நீக்கியும் மூச்சொலியைக் காட்டும் ஆங்கில எச் (h) எழுத்தைச் சேர்த்தும் விட்டும் மறுமுறையும் தேட வேண்டும்.

அகராதிகளில் மூன்று முக்கியமானவை. மதபோதகர் ஸ்டீபன் ரிட்டர்ன் ரிக்ஸ் தொகுத்து 1852-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது டக்கோட்டா அகராதி. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதாலேயே பலரும் அதை லக்கோட்டாவுக்கும் எடுத்தாளுகிறார்கள். ஏசு சபைப் பாதிரியார் யூஜின் பியூக்கல் சேர்த்து வைத்திருந்த சொற்கள், அவர் 1954-இல் மறைந்த பின், 1970-இல் லக்கோட்டா அகராதியாக அச்சேறின. லக்கோட்டா மொழிக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட புதிய லக்கோட்டா அகராதி அழுத்தத்தையும் மூச்சொலியையும் ஒழுங்காகக் காட்டுகிறது. அதன் இணையப் பதிப்பும் உண்டு. தொடங்குகிறவர் இதில் தொடங்குவதே நல்லது. ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்துவேன்: பொருளை மட்டும் படித்துவிட்டு மூடாமல், கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்க வேண்டும். சொல் எங்கே வாழ்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

அகராதியில் சொல் கிடைக்காவிட்டால் அது இல்லை என்று பொருளன்று, பிரிக்காமல் தேடியிருக்கலாம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இந்த வேலை புதிதல்ல, ஆனால் உறுப்புகள் நிற்கும் இடம் வேறு. நாம் ‘நடந்தேன்’ என்று தன்மையை விகுதியில் காட்டுகிறோம். லக்கோட்டாவில் ‘மானி’ என்றால் நடத்தல். ‘மவானி’ என்றால் நான் நடக்கிறேன். ‘நான்’ என்பதற்குரிய ‘வ’ சொல்லின் வயிற்றுக்குள் புகுந்து நிற்கிறது. முன்னொட்டுகளும் அப்படியே பொருள் நிறைந்தவை. துண்டாதலைக் குறிக்கும் ‘க்ஸா’ என்ற வேரின் முன் ‘யு’ சேர்ந்தால் கையால் ஒடித்தல், ‘ய’ சேர்ந்தால் வாயால் கடித்துத் துண்டித்தல், ‘ந’ சேர்ந்தால் காலால் முறித்தல், ‘வ’ சேர்ந்தால் கத்தியால் அறுத்தல், ‘க’ சேர்ந்தால் ஓங்கி வெட்டுதல். சொல்லின் முதலெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் ஐந்து இடத்தில் அலைவார். வேரைக் கண்டுகொண்டவருக்கு ஐந்தும் ஒருங்கே விளங்கும். கடைசி ‘அ’ சில இடங்களில் ‘எ’ ஆகத் திரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரித்த துண்டுகளை மறுபடி கூட்டும்போதுதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். தமிழ் அறியாத ஒருவர் அகராதியை வைத்துக்கொண்டு தங்கச்சிமடத்துக்குப் பொருள் தேடினால், மடம் என்பதற்குத் தங்குமிடம் என்றும் அறியாமை என்றும் இரண்டு பொருள் கண்டு, எதை எடுப்பதென்று விழிப்பார். தனுஷ்கோடியில் கோடி என்பதை நூறு இலட்சமாகவே கொண்டுவிடக்கூடும். லக்கோட்டாவில் நாமும் அந்நிலையில்தான் நிற்கிறோம். ‘ம்னி’ என்றால் தண்ணீர், ‘வக்கான்’ என்றால் புனிதமானது, மறைபொருளானது. இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி வந்தவர் இவ்விரண்டையும் சேர்த்தால் தீர்த்தம் என்று வரும் என்றுதான் எண்ணுவார். ஆனால் கூட்டுச் சொல்லாக அது வழக்கில் மதுவைக் குறிக்கிறது. வடக்கு டக்கோட்டாவில் ஓர் ஏரியின் டக்கோட்டாப் பெயராக வரும்போது அதே சொற்கள் புனித நீரையே குறிக்கின்றன. குடிநீர்க் கடைக்குப் பெயர் தேடுகிறவர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆட்பெயர்களில் இன்னொரு கவனம் வேண்டும்; அவற்றுள் பல முழு வாக்கியங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லக்கோட்டா மக்களின் ஒரு பிரிவான ஓக்லாலாவின் தலைவர் ஒருவரின் பெயர் ‘தஷூங்கெ கொக்கீப்பாபி’. ஆங்கிலத்தில் அது தன் குதிரைகளுக்குத் தானே அஞ்சும் மனிதன் என்று பெயர்க்கப்பட்டு, ஒரு வீரர் கோழையாகிப்போனார். பிரித்துப் பாருங்கள்: ‘த’ என்பது அவருடைய, ‘ஷூங்கெ’ இங்கே குதிரை, ‘கொக்கீப்பா’ அஞ்சுதல், ‘பி’ பன்மையைக் காட்டுவது. அவருடைய குதிரைக்கே பிறர் அஞ்சுவர் என்பது பொருள். அப்படியானால் அவருக்கு எவ்வளவு அஞ்சுவார்கள் என்பது குறிப்பு. ஆங்கிலத்தில் தவறியது அந்தப் ‘பி’தான். ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தால் அந்தப் பிழை நம்மிடமும் குடியேறிவிடும். மூலத்திலிருந்து நேரே எடுத்தால் ‘குதிரைக்கஞ்சுவர்’ என்று தமிழில் இயல்பாகவே அமைகிறது.

இதே பெயரில் வேறொரு கண்ணியும் இருக்கிறது. அகராதியில் ‘ஷூங்கா’ என்று தேடினால் நாய் என்றே வரும். குதிரை அம்மக்களிடம் பின்னர் வந்து சேர்ந்த விலங்கு. சுமை இழுக்க அதுவரை நாயே இருந்ததால், புதியதை ‘ஷூங்கவக்கான்’ என்று நாயின் பெயரையொட்டியே அழைத்தார்கள். உடைமையைக் காட்டும் ‘த’ முன்னால் வந்தால் ‘தஷூங்கெ’ அவருடைய குதிரை. ஆங்கிலத்தில் கிரேசி ஹார்ஸ் எனப்படும், 1877-இல் கொல்லப்பட்ட தலைவர் ‘தஷூங்கெ வித்கோ’வின் பெயரிலும் இதுவே வருகிறது, பித்து என்று பொருள்படும் ‘வித்கோ’ அங்கே குதிரைக்குரியது, மனிதருக்குரியதன்று. அதோடு, அப்பெயர் அவருடைய தந்தை தாங்கியிருந்து மகனுக்கு வழங்கியது. ஆகவே பெயரின் பொருளைக் கொண்டு பெயர் தாங்கியவரின் குணத்தை ஊகிப்பது எப்போதும் சரியாகாது.

இவ்வளவும் செய்த பிறகு அம்மொழியைக் கற்பிப்பவர்களிடம் கேட்பதே முறை. ரோஸ்பட்டில் சிந்தே கிலெஷ்கா பல்கலைக்கழகமும், பைன் ரிட்ஜில் ஓக்லாலா லக்கோட்டா கல்லூரியும், ஸ்டாண்டிங் ராக்கில் சிட்டிங் புல் கல்லூரியும் இருக்கின்றன. சிந்தே என்றால் வால், கிலெஷ்கா என்றால் புள்ளியுடையது. ஒரு தலைவரின் பெயர் அது. மின்னஞ்சலில் ஒரே ஒரு சொல்லைக் குறித்து, எங்கே கண்டீர்கள், எந்தக் குறிகளோடு கண்டீர்கள், நீங்களே எப்படிப் பிரித்தீர்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். அங்கே பெயர் பெரும்பாலும் சடங்கோடு உறவினர் முன்னிலையில் வழங்கப்படுவது. படகுக்கு அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தால் அதையும் ஏற்க வேண்டும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மண்டபத்துப் பெயிண்டரிடம் படகின் முகப்பை வெறுமையாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.