கருப்பட்டிப் பூரணம் வைத்த கோதுமை பஃப்ஸ்

மதுரைச் சித்திரை வெயிலில் வெண்ணெய் கைபட்டவுடன் இளகிவிடும் என்பதால், பூரணத்தை முதல் நாள் இரவே கிளறி ஆறவைத்துவிட்டு, மாவு வேலையை விடியலுக்கு முன் தொடங்குவது நல்லது.

பூரணத்துக்கு 100 கிராம் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, குழையாமல் வேகவைத்து, நீரை முழுவதும் வடிக்க வேண்டும். 100 கிராம் கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி (ஒருமுறை சோம்பலில் வடிகட்டாமல் விட்டு, வீட்டில் எல்லோருக்கும் மண் கடிபட்டது), பருப்பு, அரை மூடித் தேங்காய்த் துருவல், சுக்குப்பொடி சேர்த்துச் சுருளக் கிளற வேண்டும்.

தவிடு நீக்காத 250 கிராம் கோதுமை மாவில் சிட்டிகை உப்பிட்டு, ஃப்ரீசரில் கெட்டியாக்கிய 100 கிராம் வெண்ணெயைத் துருவிப் போட்டு, விரல் நுனியால் புரட்டி, குளிர்ந்த நீர் தெளித்துத் திரட்டினால் போதும். சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசையவே கூடாது. துணுக்குகளாக நிற்கும் வெண்ணெய் சூட்டில் உருகி, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான் அடுக்கடுக்காகப் பொரிகிறது.

மாவை அரை மணி நேரம் குளிரவைத்து, வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, சோமாசி போல மடித்து ஓரத்தை அழுத்தி, ஆவி வெளியேற மேலே இரண்டு கீறல் போட வேண்டும். ஏற்கெனவே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் சுமார் 25 நிமிடம் வேகட்டும். ஓவன் இல்லாதவர்கள், உப்புப் பரப்பி மூடிச் சூடேற்றிய கனத்த சட்டிக்குள் தட்டை வைத்து, மிதமான தீயில் 40 நிமிடம் வரை விடலாம். நிறம் சற்று வெளிறியே இருக்கும்.