புதிதாக கிளினிக் திறக்கும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.பி.பி.எஸ். முடித்து சொந்த ஊரில் கிளினிக் திறக்கும் தம்பி, தங்கைகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கையெழுத்து, நேரம் தவறுவது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

யார் வரவில்லை என்று தெரியாத கிளினிக்

இன்றுவரை எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பிரஷர் 170/100. இளம் டாக்டர் ஒருவர் சரியாகவே அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். ஒரு முறை வந்தார். தலைச்சுற்றல் போனது, மாத்திரையும் நின்றது. பிறகு ஒரு பக்கம் கைகால் விழுந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாலாக மடித்த சீட்டு மனைவியின் பர்ஸில் இருந்தது. கிளினிக்கிலோ அவர் பெயரே இல்லை. நடுவில் அவர் வராமல் போனது அந்த டாக்டருக்குத் தெரியவே வழியில்லை.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய். பிரஷர், சர்க்கரை போன்ற நீண்டநாள் நோய்களுக்கு சீட்டை மட்டும் நோயாளியிடம் கொடுத்து அனுப்பினால், வந்தவருக்கு மட்டும்தான் வைத்தியம் நடக்கும்.

இதற்கு சாஃப்ட்வேர்கூட வேண்டாம். ஒரு பெட்டி, பன்னிரண்டு மாதத் தடுப்புகள், ஆளுக்கு ஒரு அட்டை. அடுத்து எந்த மாதம் வர வேண்டுமோ அந்தத் தடுப்பில் அட்டையைப் போடுங்கள். வந்தால் எடுத்து அடுத்த மாதத்துக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் அந்த மாதத் தடுப்பில் மிஞ்சும் அட்டைகள்தான் வராதவர்கள். நர்ஸ் அன்றைக்கே போன் செய்யட்டும். “ஏன் வரல?” என்று கேட்டால் திட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒதுங்குவார்கள். “மாத்திரை கையில இருக்காங்க?” என்று கேட்டால், நின்றுபோனதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் டாக்டரே செய்வது

பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் எந்த டாக்டர் அதைச் செய்கிறார்? அதையும், சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிப்பதையும் நர்ஸுக்குக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்குப் பேச நேரம் கிடைக்கும்.

ஊசியால் கூட்டம் சேர்ப்பது

அந்தக் கூட்டம், அடுத்த தெருவில் இன்னும் சீக்கிரம் ஊசி போடுபவர் வரும்வரைதான்.

அரசுத் திட்டத்தைப் போட்டியாக நினைப்பது

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. உங்கள் நோயாளிகள் பலருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைக் கேட்காமல் நீங்கள் வேறு பிராண்டில் அதே மருந்தை எழுதினால், இரண்டையும் சேர்த்து விழுங்குவார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரசு மாத்திரையே போதுமென்றால் தாராளமாகத் தொடரச் சொல்லலாம். நீங்கள் பார்க்க வேண்டியது பிரஷர் 140/90க்குள் இருக்கிறதா என்பதை.

லீவே எடுக்காமல் இருப்பது

வருடத்துக்கு ஒரு வாரமாவது மூடுங்கள். நோயாளிகளின் அட்டைகள் உள்ள பெட்டியின் சாவியைப் பக்கத்து டாக்டரிடம் நம்பிக் கொடுக்கும் அளவுக்குப் பழகி வையுங்கள்.

ரிப்போர்ட் காட்ட வருபவரிடம் முழு ஃபீஸ் வாங்குவது

அடுத்த முறை ரிப்போர்ட்டே எடுக்க மாட்டார். மாதாந்திர நோயாளிக்குக் குறைந்த ஃபீஸ் என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். விட்டுவிட்டு வருபவரைவிட மாதாமாதம் வருபவரால்தான் கிளினிக் வாடகையும் கட்ட முடியும்.