ஷோ ஸ்டியருக்கு முடி வளர்ப்பது எப்படி? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் ஐயோவா, நெப்ராஸ்கா, ஓஹையோ பக்கம் கோடை வந்துவிட்டால் கவுன்டி ஃபேர்கள், அதாவது வட்டார வேளாண் கண்காட்சிகள், களைகட்டும். ஃபோர்-ஹெச், எஃப்எஃப்ஏ என்ற இளைஞர் அமைப்புகளில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த ஸ்டியரை, அதாவது காயடித்த இளங்காளையை, போட்டி வளையத்துக்குள் நடத்திக் காட்டுவார்கள். ஏறக்குறைய ஒன்றரை வயது, 600 கிலோ எடை. இறைச்சிக்கான மாடு என்பதால் நடுவர் பார்ப்பது சதைப்பிடிப்பு, எலும்பு, நடை. அப்புறம் எதற்கு முடி? நீளமாக, நிமிர்ந்து நிற்கும் முடி இருந்தால் அதைக் கத்தரித்தே முதுகை நேராகவும் காலைத் தடிமனாகவும் தொடையைப் பருத்ததாகவும் காட்டலாம்.

ஆனால் வேலையில் இறங்கும் முன் உங்கள் ஃபேரின் விதிமுறையைப் படித்துவிடுங்கள். டெக்சாஸில் ஹூஸ்டன் போன்ற பெரிய ஷோக்களில் ஸ்டியரின் உடல் முடி கால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி தேவையில்லை.

1. குளிர்ச்சி

பகல் நேரம் குறைந்து குளிர் ஏறினால் மாட்டுக்கு முடி தானாக அடர்த்தியாகும். பகல் நீண்டு சூடு ஏறினால் கொட்டும். ஜனவரியில் நடக்கும் டென்வர் ஷோவுக்குப் போகிறவர்களுக்குப் பாதி வேலையை இயற்கையே செய்துவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் ஃபேருக்குத் தயாராகிறவர்கள்தான் பாடுபட வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஸ்டியரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து கட்டுங்கள். இருட்டாக, காற்றோட்டமாக, பெரிய மின்விசிறிக்கு நேரே நிற்கட்டும். பொழுது சாய்ந்த பிறகு வெளியே விடுங்கள். பணம் இருப்பவர்கள் குளிரூட்டிய அறையே கட்டிவிடுகிறார்கள். முதல் வருடத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. நிழலும் விசிறியும் தண்ணீரும் தவறாமல் கிடைத்தாலே நல்ல முடி வரும்.

2. செத்த முடியை எடுப்பது

வசந்தத்தில் குளிர்கால முடி கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். பல் வைத்த உதிர்முடிச் சீப்பால் அதை வாரி எடுத்துவிடுங்கள். அது கிடந்தால் சூடு தேங்கும், கீழே வரும் புது முடியும் அமுங்கிப் போகும்.

3. அலசல்

தினமும் வெறும் தண்ணீரில் அலச வேண்டும், வெயில் காலத்தில் காலையும் மாலையும். குளம்பிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே வாருங்கள், மாடு மிரளாது. காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. சோப்பு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் போட்டால் தோலின் இயற்கை எண்ணெய் போய் முடி வறண்டு உடையும். சோப்பை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வடியும் தண்ணீர் தெளிவாகும் வரை கழுவுங்கள். மிச்சம் தங்கினால் பொடுகு வரும். பிறகு அதற்கும் ஒரு பாட்டில் வாங்கச் சொல்வார்கள்.

4. புளோயரும் பிரஷும்

முடிக்கு உருவம் கிடைக்கும் கட்டம் இதுதான், சோம்பல் படாதீர்கள். நாம் தலையில் வகிடு பழக்குவது போலத்தான், தினமும் ஒரே திசையில் போனால்தான் முடி படியும். அந்தத் திசை முன்னும் மேலும். ஈரம் இருக்கும்போதே பிரஷால் முழு உடம்பையும் முன்னோக்கி, மேல்நோக்கிச் சாய்வாக வாருங்கள். பிறகு புளோயரின், அதாவது காற்றடித்து முடியை உலர்த்தும் கருவியின், முனையை அதே சாய்வில் பிடித்து, தோள்பட்டையில் தொடங்கிப் பின்பக்கமாக நகருங்கள். காற்று படும் இடத்தில் முடி பிரிந்து தோல் தெரியும். அந்தத் தோல் காயும் வரை அங்கேயே நில்லுங்கள். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருப்பதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்ப்பது. முனையை வட்டமாகச் சுழற்றினால் சுழி விழுந்து முடி கலைந்துவிடும்.

முகத்துக்கு நேரே காற்றைப் பிடிக்காதீர்கள். சத்தத்துக்குப் பழக, முதல் சில நாட்கள் புளோயரைத் தூரத்தில் ஓடவிட்டாலே போதும். காய்ந்த பிறகு மறுபடி பிரஷ், கடைசியில் ஸ்காட்ச் சீப்பு, அதாவது முடியைத் தூக்கி நிறுத்தும் உலோகப் பல் சீப்பு. கடையில் இருக்கும் பளபளப்பு ஸ்ப்ரே எல்லாம் இந்த உழைப்புக்கு அப்புறம்தான்.

5. தீவனமும் தோலும்

புரதம், துத்தநாகம், செம்பு இவை குறைந்தால் எவ்வளவு வாரினாலும் முடி வராது. செம்பு குறைந்தால் கறுப்பு முடி செம்பட்டை அடிக்கும். வெயிலும் அதே வேலையைச் செய்யும். அதனால் நிறம் மங்கியதும் செம்பை அள்ளிப் போடாதீர்கள், அளவு மீறினால் நஞ்சு. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிசூரி, கென்டக்கி பக்கம் இருந்தால் மேய்ச்சல் நிலத்தையும் கவனியுங்கள். அங்கே பரவலாக இருக்கும் டால் ஃபெஸ்க்யூ புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சை மாட்டின் உடல் சூட்டை ஏற்றிவிடும். பழைய முடி உதிராமல் சடைசடையாகத் தொங்கும். பார்க்க நிறைய முடி மாதிரி இருக்கும், ஷோவுக்கு உதவாது.

மாடு கம்பத்தில் உரசிக்கொண்டே இருந்தால் பேன் இருக்கிறதா பாருங்கள். வட்டமாக முடி கொட்டிப் பொருக்கு தட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும், ஃபேரிலும் உள்ளே விட மாட்டார்கள்.

6. கத்தரிப்பு

ஃபேருக்கு மூன்று நான்கு வாரம் முன்பு ஒரு முறை உருவம் கொண்டுவந்து, கடைசி இரண்டு மூன்று நாளில் நுணுக்க வேலையை முடியுங்கள். முகத்தை முடி வளரும் திசைக்கு எதிராக ஒட்ட வெட்டலாம். உடம்பில் அப்படிச் செய்யக் கூடாது. முதுகில் மேடாகத் தெரியும் இடத்தில் மட்டும் முடியைக் குறைத்து, பள்ளத்தில் விட்டுவிடுங்கள். கோடு சமமாகத் தெரியும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டே நின்றே வெட்டினால் கை அளவு தெரியாமல் போய்விடும்.

7. ஃபேர் நாள்

முடியை நிமிர்த்தி நிறுத்தும் ஒட்டு ஸ்ப்ரேக்குச் சில ஃபேர்களில் தடை உண்டு. அனுமதி இருந்தால் கால்களில் சிறு சிறு பகுதியாக அடித்து, ஸ்காட்ச் சீப்பால் முடியை மேலே தூக்கி, காய்ந்ததும் நுனியைச் சீராக்குங்கள். வளையத்திலிருந்து திரும்பியதும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றே அந்த ஒட்டை எடுத்துவிடுங்கள். முதலில் எண்ணெய்ப் பசையுள்ள நீக்கியால் இளக்கி, பிறகு சோப்புத் தண்ணீர். ராத்திரி முழுக்க விட்டால், மாடு படுத்து எழும்போதே ஒட்டிய முடி உடைந்துபோகும். அடுத்த ஷோவுக்குக் காலில் தூக்க முடி இருக்காது.