பெங்களூரு வீட்டுக்கு இன்ஸ்டன்ட் கீசர்: கடைக்குப் போகும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை

சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்களுக்குக் குழாயில் வரும் தண்ணீரே குளிக்கப் போதும். பெங்களூருவுக்கு வந்த முதல் மார்கழியில்தான் கீசர் நினைப்பு வருகிறது. கடையில் "1 லிட்டரா, 3 லிட்டரா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் தொடங்கினால் தவறான கீசர்தான் வீட்டுக்கு வரும். தேக்கி வைக்காமல், ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் கருவிக்கு லிட்டர் பெரிய அளவுகோல் அல்ல. அதன் கிலோவாட், உங்கள் வீட்டு வயர், உங்கள் குழாயின் வேகம் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்று கணக்கிடுங்கள்

குளிக்க இதமான சூடு 40 டிகிரி. பெங்களூருவில் ஜனவரிக் காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் சுமார் 20 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 20 டிகிரி ஏற்ற வேண்டும்.

இனி ஒரு எளிய கணக்கு. கீசரின் கிலோவாட்டை 14-ஆல் பெருக்குங்கள். வருவதை ஏற்ற வேண்டிய டிகிரியால் வகுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். 3 கிலோவாட் கீசருக்கு 42-ஐ 20-ஆல் வகுத்தால் 2.1 லிட்டர். 4.5 கிலோவாட் என்றால் சுமார் 3.1 லிட்டர்.

இதே 3 கிலோவாட் கீசர் டெல்லியின் குளிரில், 28 டிகிரி ஏற்ற வேண்டிய நிலையில், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் தரும். டெல்லி உறவினர் "இது உதவாது" என்று சொன்னால் அவர் ஊருக்கு அது சரி. உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போடுங்கள்.

2.1 லிட்டர் வேகத்தில் 15 லிட்டர் பக்கெட் நிறைய ஏழு நிமிடம் ஆகும். பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவருக்கு இது தாராளம். ஷவர் வேறு விஷயம். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 7 லிட்டர் கொட்டினால், 3 கிலோவாட் அதை வெறும் 6 டிகிரிதான் ஏற்றும். 26 டிகிரித் தண்ணீரில் ஜனவரிக் காலையில் யாரும் நிற்க மாட்டார்கள். உங்கள் ஷவரின் வேகத்தை அறிய, அதன் அடியில் பக்கெட்டை வைத்துக் கைப்பேசியில் நேரம் பாருங்கள். வேறு கருவி தேவையில்லை.

கடையில் கிடைக்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்குள் உண்மையில் ஒரு சிறு தொட்டி இருக்கிறது. அதில் ஏற்கெனவே சூடாகி நிற்கும் தண்ணீர் முதலில் வேகமாக வரும். அது தீர்ந்ததும் மேலே சொன்ன கணக்குக்கு இறங்கிவிடும். "முதலில் நன்றாக வந்தது, பிறகு ஆறிப்போனது" என்ற பேச்சுக்கு இதுதான் காரணம். கருவியில் பழுது எதுவும் இல்லை.

தீபாவளி விடியலில் வீட்டில் ஆறு பேர் அடுத்தடுத்து எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் இன்ஸ்டன்டில் வெந்நீர் தீராது. அது அதன் பெரிய நன்மை. ஆனால் இரண்டு குளியலறைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு 3 கிலோவாட் கீசர் ஈடுகொடுக்காது.

படி 2: வயரையும் சாக்கெட்டையும் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் குளியலறைக்குச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும் இருக்கும். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டும், மின்பெட்டியிலிருந்து தனியாக வரும் 2.5 சதுர மி.மீ. தாமிர வயரும் வேண்டும். 4.5 கிலோவாட் ஏறக்குறைய 20 ஆம்பியர். அதைப் பிளக்கில் செருகவே கூடாது. 4 சதுர மி.மீ. வயரும், 25 ஆம்பியர் இருமுனை ஸ்விட்சும், மின்சுமை மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி ஒன்றும் அதற்கேற்ற அளவில் தேவை.

எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடம் இது. கீசர் விலையை விட இந்தச் செலவு கூடினாலும் செய்யத்தான் வேண்டும்.

பெங்களூருவின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். அடுக்குமாடியில் கரன்ட் போனால் வரும் ஜெனரேட்டர் மின்சாரம் விளக்கு, மின்விசிறி அளவுக்குத்தான் பெரும்பாலும் இருக்கும், கீசரைத் தாங்காது. மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் கீசரின் சக்தி கிட்டத்தட்டக் கால் பங்கு குறையும். உங்கள் தெருவில் விளக்கு மங்குவது வழக்கம் என்றால் படி 1-இல் வந்த விடையையும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்செலவு: 15 லிட்டர் பக்கெட் ஒன்றுக்கு சுமார் 0.35 யூனிட். நால்வர் தினம் ஆளுக்கொரு பக்கெட் என்றால் மாதம் 42 யூனிட். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியின் 200 யூனிட் வரம்பை நெருங்கும் வீட்டில் இது கவனிக்க வேண்டிய எண்.

படி 3: தண்ணீரின் தன்மை, அழுத்தம்

காவிரித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை குறைவு. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் புறநகரின் 110 கிராமங்களுக்கானது. ஆனாலும் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பும் குடியிருப்புகள் இன்னும் பல. குழாய் முனையில் வெள்ளைப் படிவும், நுரைக்காத சோப்பும் கடின நீரின் அடையாளங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை. அதை வெகுவாகத் தாண்டும் தண்ணீர் என்றால் தொட்டியே இல்லாத, குறுகிய குழாய் வழியே சூடாக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். உப்பு படிந்து சீக்கிரம் அடைத்துவிடும்.

தண்ணீர் அழுத்தத்தை பார் என்ற அலகில் சொல்வார்கள்; தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் 1 பார் என்பது கணக்கு. உயரமான கட்டடத்தில் கீழ்த்தளங்களில் குடியிருப்பவர்கள் 6 பாருக்கு மேல் தாங்கும் கீசர் வாங்குவது நல்லது. மேல்மாடிக்காரர்களுக்கு நேர்மாறான சிக்கல்: தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். சில காஸ் கீசர்கள் அந்த அழுத்தத்தில் பற்றிக்கொள்ளாது.

படி 4: மின்சாரமா, காஸா?

6 லிட்டர் காஸ் கீசர் என்றால், தண்ணீரை 25 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 6 லிட்டர் தருவது என்றுதான் பொதுவாகப் பொருள். மின் கீசருக்கு இது எட்டாத வேகம். பேட்டரியில் பற்றிக்கொள்ளும் வகை என்பதால் மின்தடையிலும் ஓடும்.

ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய அறையில் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, கதவைத் திறக்க ஆளின்றி இறந்த செய்திகள் பெங்களூருவிலிருந்தே மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. ஜன்னல் இருக்கிறது, எக்ஸாஸ்ட் விசிறி இருக்கிறது என்று யார் சமாதானம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சமையலறைக்குப் பின்னால் காற்றோட்டமாகத் திறந்திருக்கும் யுட்டிலிட்டியில் மாட்டி, குழாய் வழியே குளியலறைக்குக் கொண்டுவருவதுதான் வழி. கண்ணாடி போட்டு அடைத்த யுட்டிலிட்டி இதில் சேராது. 10 மீட்டர் அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் குளிர்ந்த தண்ணீர் நிற்கும். முதலில் அதைப் பக்கெட்டில் பிடித்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்பிஜி சிலிண்டருக்கும் குழாய்வழி எரிவாயுவுக்கும் கீசர் வேறு வேறு, வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

என் பரிந்துரை: ஒருவரோ இருவரோ பக்கெட்டில் குளிக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட், 3 லிட்டர் போதும். ஷவர் விரும்பும் குடும்பத்துக்குத் திறந்த யுட்டிலிட்டி இருந்தால் காஸ். அதுவும் இல்லையென்றால் இன்ஸ்டன்ட் ஆசையை விட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் 2 கிலோவாட், 15 லிட்டர் கீசர் வாங்குங்கள். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும். கலந்தால் 30 லிட்டர் வரை குளிக்கலாம்.

குழாய் முனையிலேயே திருகி மாட்டும் மலிவான மின்குழாய்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கை படும் இடத்திலேயே மின்சாரம் இருக்கிறது.

படி 5: வாங்குதல், மாட்டுதல்

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 302 பகுதி 2 பிரிவு 35 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசர்களுக்கு உரியது. இன்ஸ்டன்டில் அதைத் தேட வேண்டாம்.

வெந்நீர்க் குழாய்க்கு சிபிவிசி கேளுங்கள்; சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை யாரும் அடைக்க விடாதீர்கள். முதல் முறை போடும்போது குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடேறினால் ஹீட்டிங் காயில் கருகிவிடும். கடின நீர் வீடுகளில் வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் ஆளை அழைத்து உப்புப் படிவை நீக்கச் சொல்லுங்கள்.