தட்டைப்பயறு டப்பாவில் வண்டுகள் பேசும் மணமொழி: வீட்டிலேயே பார்க்க ஒரு செய்முறை

ரொம்ப நாள் திறக்காத தட்டைப்பயறு டப்பாவை முறத்தில் கொட்டிப் பாருங்கள். பயறோடு மாவும் விழும், மாவோடு வண்டும் விழும். உடனே புடைத்து வெயிலில் காயப் போடுவதுதான் நம் வழக்கம். அதற்கு முன் ஒரு கைப்பிடி உளுத்த பயறை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கைப்பிடியில், எங்கே முட்டையிடலாம், யாரோடு சேரலாம் என்பதையெல்லாம் மணத்தால் தீர்மானிக்கும் ஓர் ஊரே இருக்கிறது. ஒரு லென்ஸும் நாலைந்து டப்பாவும் போதும், அந்தப் பேச்சின் விளைவை நாமே எண்ணிப் பார்த்துவிடலாம்.

நாம் பார்க்கப்போவது பயறு வண்டு. அறிவியல் பெயர் கலோசோபுருக்கஸ் மாக்குலேட்டஸ். காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் நாம் சொல்லும் பயறில் அதிகம் காணப்படுவது இதுதான். பாசிப்பயறு, உளுந்து, துவரையையும் விடாது.

தேவையானவை

வண்டு விழுந்த பயறு ஒரு கைப்பிடி. வண்டு இல்லாத நல்ல தட்டைப்பயறு கால் கிலோ, மருந்து போடாததாக இருக்க வேண்டும். மூடி போட்ட சின்ன டப்பாக்கள், காற்று போக மெல்லிய துணி, ரப்பர் பேண்ட். நீர்வண்ணம் தீட்டும் மெல்லிய தூரிகை ஒன்று. லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவை ஜூம் செய்தாலே போதும். அப்புறம், ஹோமியோபதி மாத்திரை வரும் குட்டிக் குப்பிகள் பத்துப் பதினைந்து. இது கிடைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

படி 1: பயறைச் சுத்தம் செய்தல்

கடையில் வாங்கிய "நல்ல" பயறுக்குள்ளும் புழு இருக்கலாம், வெளியில் தெரியாது. அதனால் கால் கிலோவையும் இறுக மூடி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் பயறில் ஈரம் பூக்காது. கழுவவும் வேண்டாம். எண்ணெய்க் கையோடு தொடவும் வேண்டாம். இந்த வண்டுக்குப் பயறின் மேல்தோல்தான் அறிவிப்புப் பலகை.

படி 2: ஆணையும் பெண்ணையும் அடையாளம் காணுதல்

வண்டு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், முதுகில் கரும்புள்ளிகள். தொட்டால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும். கொஞ்சம் பொறுத்தால் எழுந்து நடக்கும். இறக்கை மூடாத வால்முனையை லென்ஸில் பாருங்கள். இரு ஓரங்களிலும் கருப்புப் பட்டை இருந்தால் பெண். ஆணுக்கு அந்தப் பட்டை தெளிவாக இருக்காது, உடலும் சற்றுச் சிறியது. முதல் பத்து வண்டுக்குக் குழப்பமாக இருக்கும், அதன்பின் கண் பழகிவிடும்.

இவற்றுக்குச் சோறு தண்ணீர் எதுவும் வைக்க வேண்டாம். வளர்ந்த வண்டு தீனி இல்லாமலே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து முடித்துவிடும். தின்னும் வேலையெல்லாம் பயறுக்குள் புழுவாக இருந்தபோதே முடிந்துவிட்டது.

படி 3: "இங்கே ஆள் இருக்கு"

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஒரே அளவுள்ள 50 பயறை ஒரு டப்பாவில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஆண்களோடு ஒரே டப்பாவில் இருந்த மூன்று பெண் வண்டுகளைத் தூரிகையால் அதில் விடுங்கள். துணியால் மூடி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டைகளை எண்ணுங்கள். மொத்தம் 50-ஐ நெருங்கியதும் வண்டுகளை எடுத்துவிடுங்கள்.

முட்டை எப்படி இருக்கும்? பயறின் தோலில் ஒரு துளி பசை விழுந்து காய்ந்தது போல, தட்டையாக, நீள்வட்டமாக, பளபளப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்தில் பயறைச் சாய்த்துப் பிடித்தால்தான் மினுங்கும். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது.

இப்போது வண்டை மறந்துவிட்டுச் சீட்டுக் குலுக்குங்கள். 1 முதல் 50 வரை எழுதிய சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளேயே போட்டுக் குலுக்குங்கள். 50 முறை இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு சீட்டும் ஒரு பயறு, ஒவ்வொரு முறை எடுப்பதும் ஒரு முட்டை. கணக்குப்படி சுமார் 18 எண்கள் ஒருமுறைகூட வராது. சுமார் 13 எண்கள் இரண்டோ அதற்கு மேலோ முறை வரும். வண்டு கண்ணை மூடிக்கொண்டு முட்டையிட்டால் பயறிலும் இதே நிலைதான் இருக்க வேண்டும்.

உங்கள் டப்பாவை எண்ணிப் பாருங்கள். காலியான பயறும் குறைவாக இருக்கும், இரட்டை முட்டைப் பயறும் குறைவாக இருக்கும். பெண் வண்டு முட்டையிடும்போது கொழுப்பு அமிலங்களும் ஹைட்ரோகார்பன்களும் கலந்த ஒரு பூச்சைப் பயறின் தோலில் விட்டுச் செல்கிறது. அடுத்து வரும் பெண் உணர்கொம்பாலும் வாயருகே உள்ள உணர்விரல்களாலும் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மணம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டியிருக்கும் முட்டையின் மேடும் அதற்குத் தட்டுப்படுகிறது. இரண்டும் சேர்ந்துதான் "இடம் பிடித்தாயிற்று" என்று சொல்கின்றன.

ஒரு பெண் வண்டு பயறின் மேல் ஏறிச் சுற்றிச் சுற்றி நடப்பதைக் கால்மணி நேரமாவது கவனியுங்கள். நம் வீட்டுப் பாட்டி சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பாரே, அந்த நிதானம் அதில் தெரியும்.

படி 4: தனியாக வளர்ந்த வண்டுகள்

முட்டை ஐந்தாறு நாளில் பளபளப்பு போய் வெள்ளையாகும். உள்ளிருந்த புழு நேராகப் பயறைத் துளைத்து இறங்கி, அரைத்த தூளை முட்டை ஓட்டுக்குள் தள்ளிவிடுகிறது, அந்த வெள்ளைதான் அது. ஏறக்குறைய நான்கு வாரத்தில் பயறின் தோலில் வட்டமாக ஒரு மங்கிய ஜன்னல் தெரியும். வண்டு வெளியேறப்போகும் வாசல் அது.

ஜன்னல் தெரிந்ததும், ஒற்றை ஜன்னல் உள்ள பயறுகளாகப் பார்த்து, குப்பிக்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள். இப்படி வெளிவரும் வண்டு வேறெந்த வண்டையும் சந்தித்திருக்காது. அடுத்த படிக்கு அதுதான் முக்கியம்.

படி 5: பெண் அழைப்பதும் ஆண் வருவதும்

மெல்லிய துணியில் இரண்டு சின்ன முடிச்சுகள் செய்யுங்கள். ஒன்றில் தனியாக வெளிவந்த பெண், வயது ஒன்றிரண்டு நாள். இன்னொன்று வெறும் துணி. ஒரு நீளமான டப்பாவின் இரு முனைகளிலும் வைத்து, நடுவில் ஓர் ஆணை விடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மணம் கலைந்துவிடும். பத்து நிமிடத்தில் எந்த முடிச்சருகே அதிக நேரம் இருக்கிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு முறையும் ஆணையும் மாற்றுங்கள், முடிச்சுகளின் பக்கத்தையும் மாற்றுங்கள். பத்து ஆண்களாவது பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். ஒரே ஒரு வண்டை வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

முடிச்சில் இருக்கும் பெண் காற்றில் விடுவது ஓர் இனக்கவர்ச்சி மணம். எட்டு கார்பன் கொண்ட ஐந்து அமிலங்களின் கலவை அது என்று 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதன் நெருங்கிய உறவான கலோசோபுருக்கஸ் சைனென்சிஸில் கிட்டே வந்த பிறகு இன்னொரு பேச்சும் உண்டு. பெண்ணின் உடல்மேல் பூசியிருக்கும் ஒரு வேதிக்கலவையை உணர்கொம்பால் தொட்டால்தான் ஆண் இணையத் தொடங்கும். ஜப்பானியர்கள் 1981-ல் இதற்கு எரெக்டின் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கலவையைத் தடவிய கண்ணாடிக் குச்சியோடுகூட ஆண் இணைய முயலும். ராஜ்மாவில் விழும் வண்டிலோ எல்லாம் தலைகீழ். அங்கே மணம் விட்டு அழைப்பது ஆண்.

படி 6: ஒரு பயறுக்கு எத்தனை வண்டு?

இந்தப் படி நம் ஊரோடு சம்பந்தப்பட்டது. திருநெல்வேலியில் பாசிப்பயறிலும் உளுந்திலும் பிடித்த இதே வண்டின் வம்சம், அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக வளர்ந்துவருகிறது. யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் மெசினா போன்றவர்கள் அதைப் பிரேசில் போன்ற வேறு நாட்டு வண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெல்லை வம்சம் முட்டையை மிகச் சீராகப் பங்கிடுகிறது. முட்டை உள்ள பயறைத் தீவிரமாகத் தவிர்க்கிறது. காரணம் பயறுக்குள் நடக்கும் சண்டை. சின்னப் பாசிப்பயறுக்குள் இரண்டு மூன்று புழு இறங்கினாலும் பெரும்பாலும் ஒன்றுதான் வண்டாக வெளிவரும். மற்ற வம்சங்களில் பெரிய தட்டைப்பயறைப் பல புழுக்கள் பகிர்ந்து தின்று வெளியேறும். பிள்ளை பிழைக்காத இடத்தில் முட்டையிட்டால் தாய்க்கு நஷ்டம்தானே. அதனால் இந்த வம்சத்துக்கு அந்த மணக்குறி உயிர் போகும் விஷயம்.

உங்கள் வண்டு எந்த ரகம் என்று நீங்களே பாருங்கள். படி 1-ல் போலச் சுத்தம் செய்த பாசிப்பயறில், படி 3-ல் போலவே வண்டுகளை முட்டையிட விடுங்கள். பிறகு ஒரு முட்டை, இரண்டு முட்டை, மூன்று முட்டை உள்ள பாசிப்பயறுகளைத் தனித்தனிக் குப்பியில் போட்டு, வெளிவரும் துளைகளை எண்ணி எழுதுங்கள். மூன்று முட்டைப் பயறில் எத்தனை துளை என்பதுதான் கேள்வி.

வீட்டுப் பயறைக் காக்க

மேலே பார்த்ததில் சமையலறைக்கு உதவுவது இரண்டு. ஒன்று, வண்டு தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே முட்டை பயறின் தோலில் தெரியும். வாங்கிய அன்றே ஒரு பிடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு, எல்லாம் தோலின் மேலேயே நடக்கிறது. பயறில் எண்ணெய் தடவி வைக்கும் நம் பழைய வழக்கம் இதனால்தான் பலிக்கிறது. எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றை அடைத்துவிடுகிறது. மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் டூ-இன்-ஒன் பொறி உண்டு. அதில் மணம் எதுவும் கிடையாது. பயறின் மேல் அலையும் வண்டு துளைவழியே தானாக விழும்.

சோதனை முடிந்ததும் எதையும் வாசலில் கொட்டிவிடாதீர்கள். டப்பாவில் கூட்டமும் சூடும் ஏறினால் இந்த வண்டுகளில் நன்றாகப் பறக்கும் ஒரு வடிவம் பிறக்கிறது. பக்கத்து வீட்டுப் பயறு அதற்குத் தூரமில்லை. எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, பிறகு செடிக்கு உரமாகப் போடுங்கள்.